பாத்துச் சொல்லு சார்

எங்கள் அடுக்ககத்தில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ரயிலக்கா. அவ்வளவுதான். என்னைவிடப் பதினேழு வயது சின்னவர். ஆனாலும் எனக்கும் ரயிலக்கா, என் மனைவி கமலாவுக்கும் ரயிலக்கா, வாட்ச்மேனுக்கும் ரயிலக்கா. மின்சார ரயில் ஓட்டுகிற பெண்மணியை வேறெப்படிக் கூப்பிடுவது? இப்போது மாற்றலாகி ஜோலார்பேட்டைப் பக்கம் போய்விட்டார். அங்கே யாரைப் பிடித்து வைத்துக்கொண்டு உயிரை வாங்குகிறாரோ தெரியவில்லை.

திருமுல்லைவாயிலில் நாங்கள் இரண்டாம் மாடி, அவர் முதல் மாடி. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அவர் குரல் மாடிப்படி வழியாக மேலே ஏறி வரும். "கேஸு மூடிகீது! ஃபேன் ஆஃப்பு! பூட்டு போட்டாச்சு!" வீட்டில் வேறு ஆள் கிடையாது, தனியாள். எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த ஐடி தம்பதி, அவர் ஃபோனில் யாருடனோ சண்டை போடுகிறார் என்று முதல் வாரம் நினைத்தார்களாம். மூன்றாம் வாரம் அந்தக் கணவர் லிஃப்டுக்குள் நின்றுகொண்டு, "கதவு மூடியாச்சுக்கா" என்று பதில் சொல்வதை நானே கேட்டேன்.

ஆமாம், பதில் சொல்லியாக வேண்டும். அதுதான் அவரோடு பழகுவதில் இருந்த தொல்லை. தான் பார்த்ததை வாய்விட்டுச் சொல்வார். பக்கத்தில் இருப்பவர் தானும் பார்த்து, திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நகர மாட்டார். வாட்ச்மேன் தினம் மாட்டிக்கொள்வார்.

"மோட்டார் ஆஃப்பா அண்ணாத்தே?"

"ஆஃப்புதான்க்கா."

"பாத்தியா, இல்ல வாய்க்கு வந்தத சொல்றியா?"

வாட்ச்மேன் முணுமுணுத்துக்கொண்டே திரும்பப் போய் சுவிட்சைப் பார்த்துவிட்டு வருவார். ரயிலக்கா குடிவந்த பிறகு எங்கள் மாடித் தொட்டி ஒருநாள்கூட நிரம்பி வழியவில்லை. எனக்கு அவர்மேல் கடுப்பு இருந்த காலத்தில்கூட இதை நான் மறுத்ததில்லை.

இது அவர் வேலையில் பழகிய முறை. ரயில் எஞ்சினில் இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர் சிக்னலைப் பார்த்து, "பச்சை" என்று உரக்கச் சொல்வார். மற்றவர் தானும் எட்டிப் பார்த்து, "பச்சை" என்று சொல்வார். இரண்டு வாயும் ஒன்றைச் சொன்னால்தான் வண்டி மேலே போகும். அதற்கு 'கூப்பிடுறது' என்று பெயராம். ரயிலக்கா அந்த முறையை வீட்டுக்கும் லிஃப்டுக்கும் கொண்டுவந்தார். கடைசியில் என் காருக்கும் கொண்டுவந்தார்.

என் கார் என்று சொல்வதுகூடத் தப்பு. அது என் மகளுடையது. அவளும் மருமகனும் ஜெர்மனிக்குப் போகும்போது என் தலையில் கட்டிவிட்டுப் போன ஹைப்ரிட் வண்டி. பெட்ரோலும் உண்டு, பேட்டரியும் உண்டு. எது எப்போது ஓட வேண்டும் என்று வண்டியே முடிவு செய்துகொள்ளும், நம்மைக் கேட்காது. "அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக இதுதாம்ப்பா வசதி, குலுங்கவே குலுங்காது" என்றாள்.

கமலாவுக்கு இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போயிருந்தது. அறுவை சிகிச்சை என்று முடிவாகிவிட்டது. ஆனால் கடைவாய்ப் பல்லில் சீழ். அது முழுக்க ஆறினால்தான் நெஞ்சில் கைவைப்போம் என்றார் டாக்டர். அதுவரை மாத்திரை, உப்பில்லாச் சாப்பாடு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை வேலப்பன்சாவடி ஆஸ்பத்திரி. கூடவே ஒரு எச்சரிக்கை. "படுத்தா மூச்சு முட்டுதுன்னு சொன்னாங்கன்னா ஒரு நிமிஷம்கூட வீட்டுல வச்சிருக்காதீங்க. உடனே கிளம்பி வந்துடுங்க."

எங்கள் தெருவில் அப்போது பாதாளச் சாக்கடைக்குக் குழி தோண்டிப் போட்டிருந்தார்கள். ஒரு கார் நெளிந்து போகிற இடம்தான் மிச்சம். ஆட்டோக்காரர்கள் உள்ளே வர மாட்டேன் என்பார்கள், ஆம்புலன்ஸ் வந்தாலும் மெயின் ரோட்டோடு நின்றுவிடும். ஆக, அந்த நாள் வந்தால் அந்த வண்டியும் நானும்தான். நான் இதைக் கிளப்பி, கமலாவைக் கொண்டுபோய்ச் சேர்ப்பேனா? அந்த ஆறு மாதமும் எனக்கு இருந்த பயம் இது ஒன்றுதான்.

கார் ஓட்டத் தெரியாதவனில்லை நான். இருபத்தைந்து வருஷமாகக் கியர் வண்டி ஓட்டியவன். ஆனால் நான் எல்லாவற்றிலும் காதை வைத்தே பிழைத்தவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் ஷாப்பில் இன்ஸ்பெக்ஷனில் இருந்தேன். மெஷின் அடிக்கிற சத்தத்தை வைத்தே தகடு வெட்டுகிற டை அச்சு தேய்ந்துவிட்டது என்று சொல்லிவிடுவேன். வண்டியும் அப்படித்தான். உறுமினால் ஓடுகிறது, அடங்கினால் நின்றது. இந்த மகாராணியோ பட்டனை அழுத்தினால் வாயே திறக்க மாட்டாள். பெட்டி மாதிரி உட்கார்ந்திருப்பாள். திரையில் READY என்று பச்சையில் ஒரு சின்ன எழுத்து வரும். அது இருந்தால் வண்டி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அதை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். என்ன வண்டியோ!

வந்த நான்காம் நாளே வினை வந்தது. கமலாவும் நானும் மார்க்கெட் போய்விட்டுத் திரும்பினோம். கமலா இறங்கி கேட்டைத் தள்ளித் திறந்துவிட்டு, காய்ப்பையோடு உள்ளே நடந்தாள். நான் வண்டியை நகர்த்தினேன். கேட் ஓடுகிற இரும்புப் பட்டையில் முன்சக்கரம் முட்டி நின்றது. சத்தமில்லை. நின்றுவிட்டது, அணைந்தும்விட்டது என்று என் காது சொன்னது. பட்டையைப் பார்க்கலாம் என்று இறங்கினேன். உள்ளே பீப் பீப் என்று ஏதோ அடித்தது. இந்த வண்டி எதற்குத்தான் அடிக்கவில்லை! கதவை ஓங்கிச் சாத்தினேன். லீவர் முன்னால் ஓட்டுகிற D-யிலேயே இருந்திருக்கிறது. சாத்திய அதிர்ச்சியில் சக்கரம் பட்டையில் ஏறிவிட்டது.

ஆளில்லாத வண்டி, ஒரு சின்னச் சத்தம்கூட இல்லாமல், நடைவேகத்தில் கமலாவின் முதுகை நோக்கிப் போனது. "கமலா" என்று கூப்பிட எனக்கு வாயே வரவில்லை. அப்போதுதான் ரயிலக்கா நீலச் சட்டையும் கையில் பெட்டியுமாக டியூட்டிக்கு இறங்கி வந்தார். பெட்டியை வீசிவிட்டு ஓடிவந்து கதவைத் திறந்து, பாதி உடம்பு வெளியே தொங்க, கையாலேயே பிரேக்கை அழுத்தினார். கமலாவுக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு முழம் இருந்திருக்கும். அவள் திரும்பிப் பார்த்து, "என்னங்க, இன்னும் நிப்பாட்டலியா?" என்றாள். அவளுக்கு நடந்தது எதுவுமே தெரியவில்லை.

ரயிலக்கா லீவரை P-க்குத் தள்ளி, பட்டனை அழுத்தி அணைத்துவிட்டு வெளியே வந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"ஏன் சார் வாயத் தொறந்து சொல்லல?"

"என்னத்தச் சொல்ல?"

"பார்க்கிங்குன்னு சொல்லணும். சொல்லியிருந்தா கண்ணு அங்க போயிருக்கும். கண்ணு போயிருந்தா D-யில கீதுன்னு தெரிஞ்சிருக்கும்."

"யார்ட்ட சொல்ல? நான் ஒத்த ஆளு."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஞாயித்துக்கெழம எனக்கு ரெஸ்ட்டு சார். காலைல பத்து மணிக்குக் கீழ வா" என்று சொல்லிவிட்டு, பெட்டியைப் பொறுக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்.

அன்றிலிருந்து அவருக்கு ஓய்வு கிடைத்த நாளெல்லாம் எங்கள் வண்டியில்தான். எனக்கு ஒரு வாரமாகியும் விளங்காத வண்டி அவருக்கு மூன்றே நிமிஷத்தில் விளங்கியது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. திரையில் அம்புக்குறிகள் ஓடும். பேட்டரியிலிருந்து சக்கரத்துக்கு, சக்கரத்திலிருந்து பேட்டரிக்கு. நான் அதை ஏதோ விளையாட்டுப் படம் என்று நினைத்திருந்தேன். ரயிலக்கா குழந்தைபோலக் கைதட்டினார்.

"அய்ய, இது எங்க வண்டி சார்! பிரேக் புடிச்சா மோட்டாரு கரண்ட்டு செஞ்சு திருப்பி அனுப்புது பாரு. எங்க ரயிலும் இப்படித்தான், மேல ஒயருக்கு அனுப்பும். இதுக்குப் பிரேக்கை மெதுவா, முன்னாடியிருந்தே புடிச்சிகினு வரணும். கடைசில டபக்குனு அமுக்குனா எல்லாம் வேஸ்ட்டு. உள்ள கீறவங்களுக்கும் நெஞ்சு குலுங்கும்."

நெஞ்சு குலுங்கும் என்று அவர் பின்சீட்டைப் பார்க்காமல் சொன்னார். பின்சீட்டில் கமலா இருந்தாள்.

முதல் சில வாரங்கள் அவர் ஓட்டினார், நான் பதில் சொன்னேன். "பிரேக்!" நான் குனிந்து அவர் காலைப் பார்த்து, "பிரேக்." "ரெடி!" பச்சை எழுத்தைப் பார்த்து, "ரெடி." "டி!" "டி." தெருமுனை வருவதற்குள் எனக்கு வாய் வலிக்கும். கமலா பின்னாலிருந்து சிரிப்பாள். "ஏங்க, ரெண்டு பேரும் வண்டி ஓட்டுறீகளா, பஜனை பாடுறீகளா?" எனக்கு அவமானமாக இருக்கும். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொள்வேன்.

நான் ஓட்ட ஆரம்பித்ததும் என் பைத்தியக்காரத்தனங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. B என்றால் பேட்டரி என்று நானே முடிவுகட்டி, பெட்ரோல் மிச்சமாகும் என்று ஒரு வாரம் B-யிலேயே ஓட்டியிருக்கிறேன். வண்டி இழுத்துப் பிடித்துக்கொண்டே இருந்தது, சர்வீஸுக்கு விட வேண்டும் என்று நினைத்தேன். "அது எறக்கத்துக்கு சார். மேம்பாலம் எறங்கச்சொல்ல போடு, போதும்" என்றார். பேட்டரியில் மட்டும் ஓடட்டும் என்று EV பட்டனை அழுத்துவேன், இப்போது முடியாது என்று திரையில் எழுத்து வரும். நான் மறுபடி அழுத்துவேன். மறுபடியும் அதையே சொல்லும். "பேட்டரில கரண்ட்டு இல்ல, அது உண்மையச் சொல்லுது. அதோட இன்னாத்துக்கு மல்லுக்கு நிக்கிற?" என்பார். ஈகோ, நார்மல், பவர் என்று மூன்று விதம் இருந்ததில் எனக்குப் பவர்மேல் ஆசை. அவசரமென்றால் அதுதானே என்று கேட்டேன்.

"அவசரத்துக்குத்தான் சார் அது வாணாம். கால வெச்சா பாயும். மூச்சு வாங்குறவங்கள வெச்சிகினு பாஞ்சா இன்னா ஆவறது? நார்மல்ல வெச்சிட்டு மறந்துடு."

ஒருநாள் காலை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். அன்றைக்கு அவர் ஓட்டினார். "பிரேக்!" என்றார். "பிரேக்" என்றேன். "ரெடி!" "ரெடி." "ஆர்!" "ஆர்" என்றேன். வாயில் எஞ்சியிருந்த காபியின் ருசியில் இருந்தேன். வண்டி நகரவில்லை. பட்டனை அழுத்தி அணைத்துவிட்டார்.

"இன்னா பாத்த நீ?"

எட்டிப் பார்த்தேன். லீவர் ரிவர்ஸில் இல்லை, D-யில் இருந்தது. எதிரே சுவர்.

"வேணும்னுட்டேதான் தப்பாச் சொன்னேன். உன் வாயி பேசுது சார், கண்ணு இன்னும் தூங்கினுகீது. பாத்துச் சொல்லு சார். இல்லாட்டி சொல்லவே சொல்லாத."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "நான் என்ன சின்னப்புள்ளையா? அம்பத்தெட்டு வயசாகுது எனக்கு. ஒங்க ரயில்லதான் இந்தச் சட்டமெல்லாம்" என்று கத்தினேன். கமலா, "ஏங்க, ஏங்க" என்று பின்னாலிருந்து என் தோளைப் பிடித்தாள். ரயிலக்கா வண்டியைக் கிளப்பினார். அயப்பாக்கம் தாண்டும்வரை வண்டிக்குள் ஒரு சத்தமில்லை. வண்டியையும் சேர்த்து நான்கு ஊமைகளாகப் போனோம்.

திருவேற்காட்டில் இளநீர்க் கடையோரம் நிறுத்தினார். கமலாவுக்கு ஒன்று வெட்டச் சொல்லிவிட்டு, ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"கூட்ஸு வண்டியில நான் அசிஸ்டென்ட்டா இருக்கச்சொல்ல நடந்தது சார் இது. வண்டி ஓட்டுற பெரியவரு 'பச்சை'ன்னாரு. நானும் 'பச்சை'ன்னேன். டிபன் டப்பா மூடி தொறக்கல, அத்த நோண்டிகினு இருந்தேன். தலையே தூக்கல. அவரு பாத்தது பக்கத்து லைனு பச்சை. எங்களுது செவப்பு."

"ஐயையோ" என்றாள் கமலா.

"அப்புறம் அவரே பாத்துட்டாரு. பிரேக்கப் புடிச்சாரு. நின்னுச்சு. முன்னாடி ஒரு வண்டி நின்னுகினு கீது. நடுவுல எண்ணி ஆறு கட்டை சார், தண்டவாளத்துக்கு அடியில போடுவாங்களே, அது. அவரு என்னத் திட்டல. 'எனக்கு லேசா சந்தேகமாத்தாம்மா இருந்துச்சு. நீயும் பச்சைன்னியா, சரின்னு உட்டுட்டேன்'னாரு. அத்தோட சரி. அந்த ஒரு வார்த்தைக்கு நான் இன்னும் பதில் சொல்லிகினு கீறேன்."

ஏதாவது கேட்க வேண்டுமே என்று, "இப்ப ஒங்க லோக்கல் ரயில்ல யார் பதில் சொல்றது?" என்றேன்.

"யாரு கீறாங்க? கேபின்ல நான் ஒருத்திதான். நானே கூப்புடுவேன். இன்னொரு தபா பாத்துட்டு நானே சொல்லிப்பேன்."

கமலா இளநீரை அப்படியே கையில் வைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியபோது அவள் பின்கதவைத் திறக்கவில்லை, முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். "இனிமே நான் சொல்றேன். நீங்க ஓட்டுங்க, ரயிலக்கா பின்னாடி ஜம்முனு ஒக்காரட்டும்" என்றாள். கேலி பண்ணுவதை அவள் விடவில்லை. "பிரேக்!" என்றால், "ஆமாய்யா, பிரேக்குதான்யா" என்று இழுப்பாள். ஆனால் ஒவ்வொரு தடவையும் குனிந்து என் காலைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

அந்த நாள் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. காலை பத்தரை மணி இருக்கும். கமலா சோபாவில் சாய்ந்திருந்தவள் சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். "என்னங்க, சாய முடியலைங்க. முட்டுது" என்றாள். உதடு வெளுத்திருந்தது. நான் ரயிலக்காவுக்கு ஃபோன் அடித்தேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. வண்டி ஓட்டும்போது அவர்கள் ஃபோனை அணைத்துவிட வேண்டும், எனக்குத் தெரியும். தெரிந்தும் அடித்தேன். லிஃப்டில் அடித்தேன், வண்டிக் கதவைத் திறந்துகொண்டே அடித்தேன். மூளை வேலை செய்யவில்லை, விரல் மட்டும் வேலை செய்தது.

கமலாவை முன்சீட்டில் உட்கார வைத்து பெல்ட்டைப் போட்டேன். என் பக்கம் ஓடிவந்து ஏறினேன். பட்டனை அழுத்தினேன். திரை எரிந்தது. மறுபடி அழுத்தினேன். எல்லா விளக்கும் எரிந்தது, காற்று வந்தது. லீவரை இழுத்தேன், D-யில் விழுந்தது. "ரெடி!" என்று கத்திவிட்டு ஆக்சிலேட்டரை மிதித்தேன். நகரவில்லை. இன்னும் மிதித்தேன். இந்த வண்டி ஓடும்போதும் ஊமை, ஓடாதபோதும் ஊமை. பேட்டரி போச்சா, எஞ்சின் போச்சா, எதுவும் தெரியவில்லை. என் காதில் என் நெஞ்சு அடிக்கிற சத்தம் மட்டும்தான் கேட்டது. "ரெடி, ரெடி" என்று நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே மிதித்திருக்கிறேன். கமலா பிறகு சொல்லித்தான் அது எனக்கே தெரியும்.

அவள் கை என் முழங்கையைப் பிடித்தது. கண் திரையில் இருந்தது.

"இல்லைங்க" என்றாள். ஒரு மூச்சு வாங்கிக்கொண்டாள். "ரெடி இல்ல." இன்னொரு மூச்சு. "பச்சை... வரலைங்க."

நான் பார்த்தேன். எல்லா விளக்கும் இருந்தது, அந்த ஒரு பச்சை எழுத்து இல்லை. பிரேக்கை மிதிக்காமலேயே பட்டனை அழுத்தியிருக்கிறேன். நாலு மாதக் குழந்தைக்குச் சொல்வதுபோல ரயிலக்கா நூறு தடவை சொன்ன விஷயம். லீவரை P-க்குத் தள்ளினேன். அணைத்தேன். "பிரேக்" என்றேன். கமலா குனிய முயன்றாள். குனிய முடியவில்லை, கழுத்தை மட்டும் வளைத்துப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். பட்டனை அழுத்தினேன். பச்சை வந்தது. "வந்துருச்சு" என்று அவள்தான் முதலில் சொன்னாள்.

அயப்பாக்கம், திருவேற்காடு, எல்லா இடத்திலும் நார்மலிலேயே ஓட்டினேன். பவர் பட்டன் பக்கம் என் கை போகவே இல்லை. தூரத்தில் வண்டிகள் தேங்குவது தெரிந்தால் அங்கிருந்தே பிரேக்கை மெல்லப் பிடித்து வந்தேன். கமலா கண்ணை மூடாமல் சாலையையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு இடத்தில்கூட அவள் உடம்பு முன்னால் சாயவில்லை. வேலப்பன்சாவடியில் ஆஸ்பத்திரி வாசலில் நின்றதும் இரண்டு பேர் ஓடிவந்து அவளை ஸ்ட்ரெச்சரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் பின்னாலேயே ஓடினேன்.

நுரையீரலில் நீர் கோத்திருந்தது. ஆக்ஸிஜன் வைத்து, ஊசி போட்டு, இரண்டு மணி நேரத்தில் மூச்சைச் சீராக்கிவிட்டார்கள். "நேரத்துக்கு வந்துட்டீங்க. இன்னும் அரை மணி ஆகியிருந்தா கஷ்டம்" என்றார் டாக்டர். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பல் ஆறிப்போயிருந்ததால் அந்த மாதக் கடைசியிலேயே வால்வையும் மாற்றிவிட்டார்கள். கமலா இப்போது இரண்டு மாடியும் படியேறுகிறாள். காய்கறிக்காரரிடம் அவள் போடுகிற சண்டை எனக்கு மாடியிலிருந்தே கேட்கிறது. கேட்க அவ்வளவு நிம்மதியாக இருக்கிறது.

அன்றைக்கு மத்தியானம் செக்யூரிட்டி ஒருவர் என்னைத் தேடிக்கொண்டு மேலே வந்தார். "சார், வாசல்ல நிக்கிற வெள்ள வண்டி உங்களுதா? உள்ள ஆளே இல்ல. கம்முனு கீது, திடீர்னு தானா உறுமுது, மறுபடி கம்முனு ஆய்டுது. பசங்கல்லாம் கிட்ட போவவே பயப்படறானுங்கோ." ஸ்ட்ரெச்சர் வந்த பதற்றத்தில் P போட்டவன் அணைக்கவில்லை. பேட்டரி குறையும்போதெல்லாம் அது தானாக எஞ்சினை எழுப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கீழே போய், அணைத்து, ஓரமாக நிறுத்திவிட்டு வந்தேன். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. செக்யூரிட்டியும் சிரித்தார்.

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ரயிலக்கா வந்தார். அதே நீலச் சட்டை, கையில் பெட்டி. டியூட்டி முடிந்து ஃபோனைப் போட்டதும் பார்த்திருக்கிறார். வீட்டுக்குக்கூடப் போகவில்லை. வராந்தாவில் என்னைக் கண்டதும் ஃபோனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பதினோரு தபா சார். பதினோரு தபா கூப்ட்டுகிறே. நான் எங்கியோ வண்டில கீறேன். அக்கா?"

"நல்லா இருக்கா. பேசுறா. ஒண்ணும் பயமில்லையாம்."

நான் நடந்ததையெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"யாரு ஓட்டியாந்தது?"

"நான்தான்."

"யாரு பதில் சொன்னது?"

"கமலாதான். நான் பிரேக்கை மிதிக்காமலே 'ரெடி, ரெடி'ன்னு கத்திக்கிட்டு இருந்திருக்கேன். அவதான் பார்த்துட்டு, 'இல்ல'ன்னு சொன்னா."

"மூச்சு முட்டச்சொல்லயா?"

"ஆமா."

"'இல்ல'ன்னு சொன்னாங்களா?"

"'இல்ல'ன்னுதான் சொன்னா."

ரயிலக்கா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கிக் குலுங்கி அடங்கியது. போகிறவர் வருகிறவரெல்லாம் பார்த்தார்கள், உள்ளே யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பார்கள். எனக்கும் அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொங்கிவிட்டது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நானும் அழுதேன். வெட்கமாகவே இல்லை.

"எனக்கு அந்த ஒரு வார்த்தை அன்னிக்கு வரல சார்" என்றார். சட்டைத் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "அக்காவ ஒரு தபா பாக்க உடுவாங்களா?"

ஒரு வேளைக்கு ஒருத்தர்தான் உள்ளே போகலாம், அதுவும் ஐந்து நிமிஷம்தான் என்று நர்ஸ் காலையிலேயே சொல்லியிருந்தார். சாயங்காலத்து ஐந்து நிமிஷத்துக்காகத்தான் நான் மத்தியானத்திலிருந்து அங்கே காத்திருந்தேன். கதவைத் தள்ளித் திறந்து, "நீங்க போங்கக்கா" என்றேன்.